மலைப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புமுன் முழுக் கணக்கையும் போடுங்கள்!

விருதுநகரில் ஒரு எண்ணெய் வியாபாரி. கடை நன்றாக நடக்கிறது. அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் ஐந்தாம் வகுப்பை முடிக்கப் போகிறான். மகள் அவனைவிட மூன்று வயது இளையவள்.

மகனை மலையில் உள்ள ஒரு சர்வதேசப் பள்ளியில், விடுதியில் தங்க வைத்துப் படிக்க வைக்க வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை.

பள்ளியிலிருந்து கட்டணப் பட்டியல் வந்தது. "படிப்புக்கும் விடுதிக்கும் சேர்த்து ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய்" என்று அதில் அச்சிட்டிருந்தது.

"என்னங்க, நம்மால் முடியுமா?" என்று மனைவி கேட்டாள்.

"ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வருஷம். ஏழு எட்டு ஐம்பத்தாறு. மொத்தம் 56 லட்சம். கடை இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்" என்றார் அவர்.

அந்த மனக்கணக்கில்தான் ஆபத்து இருக்கிறது!

இந்த வியாபாரி நாம் கற்பனை செய்துகொண்ட மனிதர். 8 லட்சம் என்பதும் கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்ட தொகைதான். எந்தப் பள்ளியின் கட்டணமும் அல்ல. இதற்குக் குறைவாக வாங்கும் பள்ளிகளும் உண்டு. அதிகமாக வாங்கும் பள்ளிகளும் உண்டு. ஆனால் அவர் போட்ட தப்புக் கணக்கு மட்டும் கற்பனை அல்ல. பல வீடுகளில் அப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள்.

உண்மையில் அவருக்கு எவ்வளவு செலவாகும்?

1 கோடி ரூபாய்க்கு மேல்!

எப்படி என்று பார்ப்போம்.

சர்வதேசப் பள்ளி என்றால் என்ன?

முதலில் இந்தப் பள்ளிகளைப் பற்றி இரண்டு வார்த்தை.

நமது மலைகளில் விடுதிப் பள்ளிகள் புதியவை அல்ல. ஊட்டிக்குப் பக்கத்தில் லவ்டேலில் உள்ள லாரன்ஸ் பள்ளி 1858-ல் தோன்றியது. வடக்கே முசூரி மலையில் உள்ள உட்ஸ்டாக் பள்ளி 1854-ல் தோன்றியது. கொடைக்கானலில் அமெரிக்கப் பாதிரிமார்கள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901-ல் ஒரு பள்ளி தொடங்கினார்கள். அதுதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்களின் பிள்ளைகள் படித்த இடங்களில் இன்று நமது பிள்ளைகள் படிக்கிறார்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் தமிழர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

"சர்வதேசம்" என்று சொல்வது பெரும்பாலும் பாடத்திட்டத்தைப் பொறுத்தது. ஐ.பி. என்ற படிப்பு ஒன்று. அதை நடத்தும் அமைப்பு 1968-ல் ஜெனீவா நகரில் தொடங்கப்பட்டது. கேம்பிரிட்ஜ் அமைப்பு நடத்தும் ஐ.ஜி.சி.எஸ்.இ. மற்றொன்று. இது ஏறக்குறைய நமது பத்தாம் வகுப்புக்குச் சமம்.

ஐ.பி. டிப்ளமா என்பது கடைசி இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் ஆறு பாடங்கள். மொத்தம் 45 மதிப்பெண்.

நல்ல படிப்புதான். பிள்ளையைச் சிந்திக்க வைக்கும் படிப்புதான். அதில் சந்தேகம் இல்லை. நமது கேள்வி வேறு. அதற்கு ஆகும் செலவைக் கடைசி வரை தாங்க முடியுமா என்பதே நமது கேள்வி.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

பட்டியலில் அச்சிட்ட கட்டணம் சுண்டைக்காய் விலை. சுமைகூலி தனி!

நமது வியாபாரியின் சுமைகூலியை எழுதிப் பார்ப்போம். இவையும் உதாரணத் தொகைகளே.

மலையில் குளிர் கடுமை. விருதுநகர் வெயிலில் வளர்ந்த பையனுக்குக் கம்பளிச் சட்டை வேண்டும். கம்பளிப் போர்வை வேண்டும். மழைக் கோட்டு வேண்டும். சீருடை, விளையாட்டு உடை, இரண்டு மூன்று ஜோடி ஷூ வேண்டும். வளரும் பிள்ளைக்கு இந்த வருஷத்து ஷூ அடுத்த வருஷம் சேராது. இதற்கு 40,000 ரூபாய்.

புத்தகம், நோட்டு, லேப்டாப். லேப்டாப் மூன்று நான்கு வருஷம் உழைக்கும். ஆகையால் அதன் விலையைப் பிரித்துப் போட்டுக்கொள்வோம். இதற்கு 35,000.

போக்குவரத்து. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். விடுமுறை என்றால் விடுதியை மூடிவிடுவார்கள். வருஷத்தில் மூன்று விடுமுறை என்றால், பிள்ளை மூன்று தடவை இறங்க வேண்டும், மூன்று தடவை ஏற வேண்டும். ஒவ்வொரு தடவையும் காரும் பெற்றோரும் கூடப் போக வேண்டும். நடுவில் பெற்றோர் கூட்டம் வரும், விளையாட்டு விழா வரும். போனால் ஒரு நாள் ஓட்டலில் தங்க வேண்டியிருக்கும். சீசன் காலத்தில் மலையில் அறை வாடகை என்ன என்று உங்களுக்கே தெரியும்! இதற்கு 60,000.

கல்விச் சுற்றுலா, மலையேற்றம், சங்கீத வகுப்பு, நீச்சல், குதிரைச் சவாரி. இவற்றில் சில கட்டணத்திலேயே அடங்கும். சிலவற்றுக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். இதற்கு 60,000.

கைச்செலவு, முடிவெட்டு, போன், தின்பண்டம், நண்பர்களின் பிறந்தநாள். இதற்கு 30,000.

வைத்தியம், இன்சூரன்ஸ். இதற்கு 15,000.

விடுமுறையில் வீட்டுக்கு வந்தால், பின்தங்கிய பாடத்துக்கு ஒரு டியூஷன். இதற்கு 20,000.

கூட்டிப் பாருங்கள். 2,60,000 ரூபாய் வருகிறது!

8 லட்சத்தோடு இதைச் சேர்த்தால் ஒரு வருஷச் செலவு 10,60,000 ரூபாய்.

முதல் வருஷத்து அதிர்ச்சி

இதோடு முடிந்ததா? இல்லை.

சேரும்போது மட்டும் கட்ட வேண்டிய பணம் இருக்கிறது. ஒன்று, சேர்க்கைக் கட்டணம். பல பள்ளிகளில் இது திரும்பி வராது. இன்னொன்று டெபாசிட். இது பிள்ளை படிப்பை முடித்துப் போகும்போது திரும்பி வரும். ஆனால் பெரும்பாலும் வட்டி கிடைக்காது.

சேர்க்கைக் கட்டணம் 2 லட்சம், டெபாசிட் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

அப்படியானால் முதல் வருஷத்தில் கையிலிருந்து போகும் பணம் 14,60,000 ரூபாய்!

8 லட்சம் என்று நினைத்துக்கொண்டு மலை ஏறியவர், முதல் வருஷமே 6,60,000 ரூபாய்க்குக் கூடுதலாக வழி தேட வேண்டும்.

ஏறும் கட்டணம்

அடுத்தது, விலைவாசி ஏற்றம்.

கட்டணம் ஏழு வருஷமும் அப்படியே நிற்குமா? நிற்காது. ஆசிரியர் சம்பளம் ஏறும். அரிசி விலை ஏறும். கட்டணமும் ஏறும்.

எல்லாச் செலவும் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து ஏறுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

முதல் வருஷம் 10,60,000

இரண்டாம் வருஷம் 11,66,000

மூன்றாம் வருஷம் 12,82,600

நான்காம் வருஷம் 14,10,860

ஐந்தாம் வருஷம் 15,51,946

ஆறாம் வருஷம் 17,07,141

ஏழாம் வருஷம் 18,77,855

மொத்தம் 1,00,56,402 ரூபாய்! சேர்க்கைக் கட்டணம் 2 லட்சம் தனி.

56 லட்சம் எங்கே, 1 கோடி எங்கே!

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் வருஷத்தில் மாதம் 88,000 ரூபாய் ஒதுக்கினால் ஏறக்குறையப் போதும். கடைசி வருஷத்தில் மாதம் 1,56,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க வேண்டும். பாரம் குறைந்துகொண்டே போகாது. ஏறிக்கொண்டே போகும்.

டாலரில் கட்டணமா?

வெளிநாட்டில் வேலை செய்யும் பெற்றோரிடமும் வெளிநாட்டுக் குடிமக்களிடமும் சில பள்ளிகள் டாலர் கணக்கில் கட்டணம் கேட்கின்றன. சம்பளமும் அதற்குச் சமமான அந்நியப் பணத்தில் வந்தால் கவலை இல்லை. வேலையை விட்டு ஊர் திரும்பினால்? வருமானம் ரூபாயில், கட்டணம் டாலரில் என்று ஆகிவிடக்கூடும்.

2010-ல் ஒரு டாலருக்குச் சுமார் 45 ரூபாய் இருந்தது. 2022-ல் அது 80 ரூபாயைத் தாண்டியது. 20,000 டாலர் கட்டணம் என்றால், முன்பு 9 லட்சம் ரூபாய் போதும். பிறகு 16 லட்சம் வேண்டும். பள்ளி ஒரு டாலர்கூட ஏற்றவில்லை. ஆனாலும் உங்கள் செலவு ஏறிவிட்டது!

ஊர் திரும்பினால் எந்தப் பட்டியல்படி கட்ட வேண்டும் என்பதைச் சேர்க்கும்போதே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசி இரண்டு வருஷம்

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் புதிய செலவுகள் முளைக்கும்.

ஐ.பி., கேம்பிரிட்ஜ் பரீட்சைகளுக்குப் பரீட்சைக் கட்டணம் உண்டு. அது ஆண்டுக் கட்டணத்தில் அடங்கியதா, தனியா என்று கேட்க வேண்டும்.

பையன் டாக்டருக்குப் படிக்க ஆசைப்படுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமது நாட்டு மருத்துவக் கல்லூரியில் சேர நீட் பரீட்சை எழுதியே ஆக வேண்டும். அதற்குப் பௌதிகம், ரசாயனம், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். ஐ.பி. படிப்பில் பாடங்களைப் பையனே தேர்ந்தெடுக்கிறான். தேர்வு தவறினால் கதவு மூடிவிடும். தவிர, நீட் கேள்விகளின் போக்கு வேறு. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அதற்கும் பணம் வேண்டும்.

வெளிநாட்டுக் கல்லூரிக்குப் போக வேண்டுமா? ஆங்கிலப் பரீட்சைக்குக் கட்டணம். ஒவ்வொரு கல்லூரி விண்ணப்பத்துக்கும் கட்டணம். விசாவுக்குக் கட்டணம். பிறகு கல்லூரிச் செலவு! பள்ளிக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டால், கல்லூரி வாசலில் நிற்கும்போது பெட்டி காலியாக இருக்கும்.

நடுவழியில் நின்றால்?

"முடிந்தவரை படிக்கட்டும், முடியாவிட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்று சிலர் சொல்கிறார்கள்.

இதைப் போல் தவறான யோசனை வேறில்லை!

எண்ணெய் விலை சரிகிறது. கடையில் நஷ்டம். பையன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பணம் கட்ட முடியவில்லை. என்ன ஆகும்?

பல பள்ளிகளில், ஒரு பருவம் முன்னதாக எழுதிக் கொடுக்காமல் பிள்ளையை நிறுத்தினால், அந்தப் பருவத்துக் கட்டணத்தையும் கேட்பார்கள். பாக்கி இருந்தால் டெபாசிட்டில் பிடித்துக்கொள்வார்கள்.

பணம் போனால் சம்பாதிக்கலாம். பையன் நிலைமை என்ன?

ஊருக்கு வந்து பத்தாம் வகுப்பில் சேர வேண்டும். பாடத்திட்டம் வேறு. பரீட்சை முறை வேறு. நமது மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ்ப் பாடம் காத்திருக்கும். மலைப் பள்ளியில் நான்கு வருஷமாகத் தமிழை ஒழுங்காகப் படிக்காத பையன், செய்யுளையும் இலக்கணத்தையும் கண்டு விழிப்பான். நண்பர்களையும் விட்டு வந்திருப்பான். "நம்மால்தான் அப்பாவுக்கு நஷ்டம்" என்று அவனாக நினைத்துக்கொண்டு மருகுவான். வயதோ பதினைந்து!

கணக்குப் போடாததற்கு அபராதம் கட்டுவது தகப்பனார் அல்ல. பிள்ளை!

ஒரு வருஷ ஒத்திகை

அப்படியானால் ஆசைப்படவே கூடாதா? தாராளமாக ஆசைப்படலாம். ஆனால் ஒத்திகை பார்த்துவிட்டு இறங்குங்கள்.

பிள்ளையைச் சேர்ப்பதற்கு ஒரு வருஷம் முன்னதாகவே பாங்கியில் தனிக் கணக்குத் தொடங்குங்கள். முழுச் செலவு எவ்வளவோ, அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் அதில் போடுங்கள். நமது வியாபாரி மாதம் 88,000 ரூபாய் போட வேண்டும்.

கடன் வாங்காமல், நகையை அடகு வைக்காமல், கடை முதலில் கை வைக்காமல் பன்னிரண்டு மாதமும் போட முடிந்ததா? முதல் படியைத் தாண்டிவிட்டீர்கள்.

நான்காம் மாதமே தவறிவிட்டதா? வருத்தப்படாதீர்கள். பையன் மலை ஏறுமுன்பே உண்மை தெரிந்துவிட்டது. அது பெரிய லாபம்!

ஒத்திகையில் சேர்ந்த பணத்தைச் செலவழிக்காதீர்கள். அதுதான் ஒரு வருஷக் கையிருப்பு. வியாபாரம் மந்தமானாலும், வேலை போனாலும், பிள்ளையை நடுவில் நிறுத்தாமல் ஒரு வருஷம் தாங்கும்.

சம்பாதிப்பவரின் உயிருக்கும் தகுந்த தொகைக்கு இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எடுக்கும் டெர்ம் பாலிசிக்குப் பிரீமியம் குறைவு. சொல்லவே கூடாத வார்த்தைதான். ஆனால் கணக்கில் எழுதியாக வேண்டும்.

மகளின் பங்கு எங்கே?

கணக்கு நோட்டில் இன்னொரு பக்கம் உண்டு. அண்ணனுக்கு 1 கோடி என்றால், தங்கைக்கு எவ்வளவு?

மூன்று வருஷம் கழித்து அவளும் ஆறாம் வகுப்புக்கு வருவாள். அப்போது, "பொம்பளைப் பிள்ளைதானே, உள்ளூரில் படிக்கட்டும்" என்று சொல்வது நியாயமா? இரண்டு பேருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு, அதற்கு முடிந்தால்தான் முடியும் என்று பொருள்.

பெற்றோரின் முதுமைக்கும் ஒரு பங்கு வேண்டும். எல்லாவற்றையும் பிள்ளையின் படிப்பில் போட்டுவிட்டு, பிறகு அவன் கையை எதிர்பார்த்து நிற்பது அவனுக்கும் பாரம்.

வழிகள் உண்டு

மொத்தத் தொகை மிரட்டுகிறதா? குறைக்க வழி இருக்கிறது.

ஆறாம் வகுப்புக்குப் பதிலாக ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கலாம். நமது உதாரணத்தில் முதல் மூன்று வருஷச் செலவான 35,08,600 ரூபாய் மிஞ்சும். உள்ளூர்ப் பள்ளிச் செலவு போக மீதியைச் சேர்த்து வைக்கலாம். சிறு வயதில் பிள்ளை தாயோடு இருந்த மாதிரியும் ஆகும். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் இடம் உண்டா, நுழைவுப் பரீட்சை எப்படி என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

உபகாரச் சம்பளம் உண்டா என்று கேளுங்கள். வெட்கம் வேண்டாம். இரண்டாவது பிள்ளைக்குச் சலுகை உண்டா என்றும் கேளுங்கள்.

வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்குப் பள்ளிக் கட்டணத்துக்குக் கழிவு உண்டு. ஆனால் போதனைக் கட்டணத்துக்கு மட்டும்தான். விடுதிக் கட்டணத்துக்கும் நன்கொடைக்கும் கிடையாது. மற்றச் சேமிப்புகளோடு சேர்த்து 1,50,000 ரூபாய்தான் உச்சவரம்பு. அதைப் பெரிதாக நம்பிவிடாதீர்கள்.

பள்ளியில் கேட்க வேண்டிய கேள்விகள்

பள்ளிக்குப் போகும்போது இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

1. கட்டணத்தில் அடங்கியவை எவை? அடங்காதவை எவை?

2. சென்ற ஐந்து வருஷங்களில் கட்டணம் எவ்வளவு ஏறியது?

3. எந்தப் பணம் திரும்பி வரும்? எப்போது வரும்?

4. தவணை எந்த மாதங்களில்? தாமதமானால் அபராதம் எவ்வளவு?

5. பிள்ளையை நிறுத்த வேண்டுமானால் எத்தனை மாதம் முன்பு எழுதிக் கொடுக்க வேண்டும்?

6. விடுதி எத்தனை நாள் மூடியிருக்கும்?

7. பரீட்சைக் கட்டணம் தனியா?

பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல பள்ளி இதற்குக் கோபிக்காது.

சென்ற வருஷம் அங்கே பிள்ளையைச் சேர்த்த ஒரு பெற்றோரையும் பார்த்துப் பேசுங்கள். "பட்டியலில் இல்லாமல் எவ்வளவு ஆயிற்று?" என்று கேளுங்கள். அச்சில் வராத கணக்கு அவரிடம் இருக்கும்.

பிள்ளையிடமும் சொல்லுங்கள்

கடைசியாக ஒன்று. குடும்பக் கணக்கைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள்.

மலைப் பள்ளியில் பல வகைப் பிள்ளைகள் இருப்பார்கள். ஒருவன் கையில் விலை உயர்ந்த கடிகாரம் இருக்கும். ஒருவன் விடுமுறைக்கு விமானத்தில் பறப்பான். "எனக்கும் வேண்டும்" என்று உங்கள் பையன் கேட்பான். அது பிள்ளை சுபாவம்.

"தம்பி, உன் படிப்புக்கு இவ்வளவு ஆகிறது. நாங்கள் சந்தோஷமாகக் கட்டுகிறோம். கைச்செலவுக்கு மாதம் இவ்வளவுதான். அதற்குள் நீயே கணக்கு எழுது" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

நமது வியாபாரியும் மனைவியும் அன்று இரவு மறுபடி உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை நோட்டும் பேனாவும் இருந்தன.

"ஒன்பதாம் வகுப்பில் சேர்ப்போம். அதுவரை இரண்டு பேர் பெயரிலும் பணம் போடுவோம். பிறகு யாருக்குப் போக விருப்பமோ போகட்டும்" என்றாள் மனைவி.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சிரித்தார்.

"கடைக் கணக்கை முப்பது வருஷமாக எழுதுகிறேன். வீட்டுக் கணக்கை இன்றுதான் எழுதினேன்!" என்றார்.

உங்கள் வீட்டிலும் நோட்டு இருக்கிறது. எடுத்து எழுதுங்கள்!